ஹியூஸ் சாவு: எந்த ஃபுல்மெட்டலில் அதிகம் வலிக்கிறது?

தம்பிக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் போட்டுக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், முதல் சிக்கலே எந்த ஃபுல்மெட்டல் என்பதுதான். 2003இல் தொடங்கிய 51 எபிசோடா, அதே கதையை மறுபடி எடுத்து 2009இல் தொடங்கிய பிரதர்ஹுட்டின் 64 எபிசோடா? இரண்டையும் எடுத்தது போன்ஸ் ஸ்டுடியோதான். நான் பிரதர்ஹுட்டை முதலில் பார்த்தவன். இருந்தும் 2003ஐத்தான் போட்டேன். காரணம் ஒரே ஆள், மேஸ் ஹியூஸ் என்ற ராணுவ அதிகாரி. (இனி ஸ்பாய்லர். பார்க்காதவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.)

சம்பவம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். போன் பூத், நண்பர் மஸ்டாங்குக்குப் போட்ட கால், மரியா ராஸ் என்ற ராணுவ அதிகாரியின் வேஷத்தில் வரும், உருவம் மாற்றும் வில்லன் என்வி. கண்ணுக்குக் கீழே மச்சம் இல்லை என்று கண்டுபிடித்துவிடுகிற ஹியூஸ், அதே என்வி தன் மனைவி கிரேசியாவாக மாறியதும் கை ஓங்க முடியாமல் நிற்கிறார். அந்த ஒரு நொடி போதும். படம் வரைந்த நேர்த்தியில் பிரதர்ஹுட் முந்தும், இசை இரண்டிலும் குறையில்லை. அதை விடுங்கள்.

விஷயம், அந்த இடத்துக்கு எத்தனையாவது எபிசோடில் வருகிறோம் என்பது. பிரதர்ஹுட்டில் 10, 2003இல் 25. பிரதர்ஹுட்டும் முதல் எபிசோடிலேயே ஹியூஸ் வீட்டில் சாப்பாடு போட்டுவிடுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2003இல் கதையின் நாயகன் எட்வர்டின் பிறந்தநாளைக் கொண்டாடப் போன இடத்தில் கிரேசியாவுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. செத்த அம்மாவை ரசவாதத்தால் திரும்ப உண்டாக்கப் பார்த்து உடம்பைத் தொலைத்த இரண்டு பையன்கள், எட்வர்டும் அவன் தம்பியும், ஓர் உயிர் எப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பிறந்த எலீசியாதான் பின்னால் கல்லறைப் பக்கத்தில் நின்று, அப்பாவை ஏன் புதைக்கிறீர்கள், அவருக்கு நிறைய வேலை இருக்கிறதே என்று அழுகிறாள். பிரதர்ஹுட்டிலும் அதே அழுகைதான். ஆனால் அங்கே அவள் பிறந்ததை நாம் பார்த்ததில்லை.

பிரதர்ஹுட்டின் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. பழைய தொடர் காட்டிய பகுதியை மறுபடி இழுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். மிச்சக் கணக்கை அது 54ஆம் எபிசோடில் தீர்க்கிறது. என்வியை மஸ்டாங் எரிக்கும் அந்தக் கோபத்துக்கு 2003இல் ஈடு கிடையாது. பழிவாங்கல்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

இதே கதையை நிஜ நடிகர்களை வைத்து எடுத்து 2017இல் வந்த படத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் அரைத்தூக்கத்தில் பார்த்தேன். இரண்டு மணி நேரச் சொச்சத்தில் யாரோடும் ஒட்ட முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தால் மாறலாம், பார்க்கும் உத்தேசம்தான் இல்லை.

ஹியூஸ் மகள் போட்டோவை நீட்டும்போதெல்லாம் “ஐயோ, மறுபடியுமா” என்று தம்பி கிண்டலடித்துக்கொண்டே இருந்தான். 25 முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன்தான், 26ஐப் போட இன்னும் கூப்பிடவில்லை.