கவசம் கழன்ற பிறகா, முதலிலேயேவா?

கும்பகோணத்தில் பாசஞ்சர் ஏறியதும் தங்கச்சி ஆரம்பித்தாள்: "கதையில ஹீரோ ஆணா பொண்ணாங்கிறது கடைசியில தெரியணுமா, முதல்லயே தெரியணுமாண்ணே?"

கடைசியில் தெரிவதற்கு உதாரணம், 1986-இல் வந்த மெட்ராய்டு வீடியோ கேம். ஆங்கிலக் கையேடுகூட நாயகனை ஆணாகவே சொன்னது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆடி முடித்தால் கவசம் கழலும், உள்ளே பெண். ஒருமுறைதான் வெடிக்கும் பட்டாசு. ஆனால் ஒரு திருநங்கைப் பாத்திரத்தை இப்படிக் கடைசியில் வெளிச்சம் போட்டால், அவர் அதுவரை ஏமாற்றியதாக ஆகிவிடும். எனக்கு அது உறுத்தும்.

சூப்பர்கேர்ள் என்கிற அமெரிக்க டிவி தொடரில் 2018-இல் வந்த நியா நால் பாத்திரம் வேறு ரகம். திருநங்கை என்று அவளே சொல்லிவிடுகிறாள். நடித்த நிக்கோல் மெய்ன்ஸும் திருநங்கைதான். கனவில் வருங்காலம் தெரியும் சக்தி அந்த வீட்டில் தாய்வழியாகப் பெண்ணுக்கு வரும். தனக்குத்தான் என்று அக்கா காத்திருக்க, நியாவுக்கு வந்துவிடுகிறது. உடனே அதுவரை ஆதரவாக இருந்த அக்காவின் வாயிலிருந்தே, நீ உண்மையான பெண்ணில்லை என்கிற பேச்சு. திருப்பம் அங்கேதான். அடையாளத்தை ஒளித்திருந்தால் இந்தக் காட்சியே இல்லை.

மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பிரகலாதனின் அம்மா லீலாவதியாக வருபவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். (அது வேடம், இது வாழ்க்கை, ஒன்றல்ல.) இருந்தும் பிரகலாதனுக்காக அவள் அழும்போது முன்வரிசைப் பாட்டிகள் முந்தானையைத் தேடுவார்கள்.

குத்தாலம் வந்தது. "என்ன சொன்னாலும் எனக்கு அந்த ஹெல்மெட் கழர்ற நொடி வேணும்ணே" என்றாள்.