மாடா, செம்மறியா, ஒப்பந்தக் கோழியா: தூக்கத்தையும் கணக்கில் சேர்ப்போம்

கொங்குப் பக்கம் ரெண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் எதில் இறங்கலாம் என்று கேட்டால், எல்லோரும் லாபக் கணக்குதான் சொல்கிறார்கள். ராத்திரி நிம்மதியாகப் படுக்க முடியுமா என்று யாரும் சொல்வதில்லை.

பல்லடம், உடுமலை வட்டாரத்து ஒப்பந்தக் கறிக்கோழியில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். கொட்டகை, கரண்ட், உழைப்பு நம்முடையது. ஆறேழு வாரத்தில் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. கறி விலை சரிந்தால் பெரும்பாலும் நம் தலையில் விடியாது. அது பெரிய ஆறுதல். ஆனால் கொட்டகைக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும், அடுத்த குஞ்சு எப்போது இறங்கும் என்பதோ கம்பெனி கையில். முதல் வாரத்தில் ராத்திரி கரண்ட் போய்ச் சூடு குறைந்தால், குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். சித்திரை வெயிலில் ரெண்டு கிலோ தேறிய கோழி, பிடிக்க வண்டி வரும் நேரத்தில் மூச்சிரைத்து விழும். செத்ததைப் பொறுக்கி எண்ணி அட்டையில் எழுதும்போதே கூலி குறைவது தெரிந்துவிடும். அந்த வேதனையை நம் ஆட்கள் வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை.

கறவை மாட்டில் பால் காசு தவறாமல் கைக்கு வரும். ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் என்று உயர்த்தியது. 2023 டிசம்பரில் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. கொழுப்பும் இதரச் சத்தும் தேறினால்தான் அந்த விலை. புண்ணாக்கும் தவிடும் போக மிஞ்சுவது கொஞ்சமே. கறக்கும் கை மாறினால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், அதனால் கல்யாண வீட்டிலிருந்தும் சாயங்காலக் கறவைக்குத் திரும்பியாக வேண்டும். இந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் மேல்தான்.

காங்கயம் பக்கத்துக் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருந்தால் செம்மறிதான் என் சிபாரிசு. கிளுவை வேலிக்குள் விட்டுப் படலைச் சாத்தினால் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொள்ளும். ஃபீஸ் கட்டும் நாளில் ரெண்டைப் பிடித்து விற்கலாம். சமீப வருஷங்களாக தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து கடித்துக் குதறுவதுதான் பயம். ராத்திரிப் பட்டிக்குக் கம்பிவலை கட்டும் செலவை முதலிலேயே ஒதுக்குங்கள்.

கொட்டகையைக் கடனில்லாமல் போட முடிந்தால் மட்டும் கோழி. ஏற்கெனவே கடனில் மாட்டி மனசு உடைந்திருப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்துத் தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம், காசு கிடையாது.