ஊரில் பல் வேலை: எக்ஸ்ரே பற்றி வீட்டில் எழுந்த பயமும் கிளினிக்கில் பார்த்ததும்

இந்த முறை ஊருக்குப் போனபோது வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பல் வேலை இருந்தது. எனக்குக் கடைவாய்ப் பல்லில், வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால், அம்மாவுக்கு விழுந்த பல் இருந்த இடத்தில் இம்பிளான்ட், அக்கா மகளுக்குச் சொத்தைப் பல். ஆனால் சிகிச்சையைப் பற்றிப் பேசியதைவிட எக்ஸ்ரேயைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "தலைக்குப் பக்கத்துல அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தா மூளையில கட்டி வருமாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி ஒன்றை அக்கா எனக்கு முன்பே அனுப்பியிருந்தாள். பிள்ளைக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். விடுமுறையில் போய்ப் பல் வேலையை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அதனால் பார்த்ததையும் கேட்டதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் செய்தி முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி உள்ளவர்களிடையே, பல் எக்ஸ்ரே எடுத்ததாகச் சொன்னவர்கள், கட்டி இல்லாதவர்களிடையே இருந்ததைவிட அதிகமாக இருந்தார்கள் என்றது அது. மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் வகையைச் சேராத கட்டி. அந்த ஆய்வில் எக்ஸ்ரே கணக்கு வந்தது மருத்துவப் பதிவுகளிலிருந்து அல்ல, மக்களின் ஞாபகத்திலிருந்து. கட்டி வந்தவர் காரணத்தைத் தேடி வாழ்நாள் முழுவதையும் துருவிப் பார்ப்பார். நலமாக இருப்பவர் சின்ன வயதில் பல்லுக்கு என்ன எடுத்தார்கள் என்று அவ்வளவு யோசிக்க மாட்டார். அதோடு, அவர்கள் சிறுவயதில் எடுத்துக்கொண்ட எக்ஸ்ரேக்களில் கதிர் அளவும் இன்றைக்கு இருப்பதைவிட மிக அதிகம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு முடிவை மட்டும் பரப்பினால் யாருக்குத்தான் பயம் வராது?

இன்றைய அளவு என்ன என்று பார்க்கலாம். வாய்க்குள் சென்சார் வைத்து ஓரிரு பற்களுக்கு மட்டும் எடுக்கும் சின்ன எக்ஸ்ரே, ஏறத்தாழ 1 முதல் 8 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). தாடையைச் சுற்றி வந்து எல்லாப் பற்களையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி, பெரும்பாலும் 10 முதல் 25 வரை. மண், காற்று, உணவு, வானம் என்று இயற்கையிலிருந்தே நம் உடம்புக்கு வந்துசேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2400 மைக்ரோசீவர்ட், அதாவது நாளுக்கு ஆறுக்குச் சற்று மேல். ஒரு சின்ன எக்ஸ்ரே கிட்டத்தட்ட ஒரு நாள் சும்மா இருப்பதற்குச் சமம். உயரத்தில் பறக்கும் விமானத்தில் மணிக்குச் சில மைக்ரோசீவர்ட் கிடைக்கும். துருவப் பக்கமான பாதையில் கூடும், பூமத்திய ரேகைப் பக்கம் குறையும். இதைச் சொன்னதும் அக்கா, "அப்போ நீ வந்த பிளைட்டுலயே இதைவிட அதிகமா வாங்கியிருப்பியே" என்றாள். உண்மைதான்.

ஆனால் அளவு சின்னது என்பதால் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. எவ்வளவு குறைந்த கதிர்வீச்சானாலும் அதற்கேற்ற சிறு ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை எழுதுகிறார்கள். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்குக் கவலை தந்தது கதிரின் அளவு அல்ல, காரணம் இல்லாமல் எடுப்பதுதான்.

முதலில் போன கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண், "சார், முதல்ல ஓபிஜி எடுத்துட்டு உட்காருங்க, அப்புறம் டாக்டர் பார்ப்பாங்க" என்றார். டாக்டர் என் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்தப் பல் வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் வசிக்கும் நாட்டில் சில மாதங்களுக்கு முன் எடுத்த படங்கள் என் போனில் இருந்தன. காட்டினேன். "அதெல்லாம் எங்க சிஸ்டத்துல ஏறாது சார்" என்றார். எல்லோருக்கும் வழக்கமாக எடுப்பதுதானாம். பல் மருத்துவத்தில் சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது: முதலில் கேட்பது, பிறகு வாயைப் பார்ப்பது, பழைய படங்கள் இருந்தால் பார்ப்பது, அப்படியும் தெரியாத ஒன்று மிச்சம் இருந்தால் அதற்குத் தேவையான படத்தை எடுப்பது. ஒரே பல்லில் வலி என்று வந்தவருக்குப் பெரும்பாலும் அந்தப் பல்லின் சின்னப் படமே போதும். வேர் நுனியில் இருக்கும் சீழையும் பற்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சொத்தையையும் ஓபிஜியைவிட அதுதான் தெளிவாகக் காட்டும். நான் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சிகிச்சை நடந்தது. அங்கே டாக்டர் என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது போதும், ஆரம்பத்துக்குப் புதுசு வேண்டாம்" என்றார். ரூட் கெனாலில் வேலை நடக்கும்போதே வேரின் நீளம் பார்க்க, அடைப்பு நுனி வரை போயிருக்கிறதா என்று பார்க்க, முடிந்ததும் சரிபார்க்க என்று படங்கள் தேவைப்படும். வேரின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் சின்னக் கருவி அவரிடம் இருந்ததால் அதிலும் ஒன்று மிச்சமானது. எல்லாம் சேர்த்தாலும் சில நாள் இயற்கைக் கதிர்வீச்சு அளவுதான். அதைப் பார்க்காமல் வேரை அடைத்தால் வரக்கூடிய தொல்லையோ பல்லே போகும் அளவுக்குப் பெரியது. எக்ஸ்ரே வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

அவருடைய எக்ஸ்ரே கருவியின் முனை வட்டமாக இல்லாமல் செவ்வகமாக இருந்தது. காரணம் கேட்டேன். சென்சார் செவ்வகம், கதிர் வட்டமாக வந்தால் சென்சாருக்கு வெளியே விழுவதெல்லாம் கன்னத்துக்கும் கழுத்துக்கும் வீணாகப் போகும் என்றார். இந்த ஒரு மாற்றத்தாலேயே கதிர் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வாய் முழுவதற்கும் 18 படங்கள் எடுக்கும் தொகுப்பை அளந்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. பழைய மெதுவான ஃபிலிமும் வட்ட முனையும் என்றால் 390 மைக்ரோசீவர்ட் அளவுக்கு வந்தது, வேகமான ஃபிலிமும் செவ்வக முனையும் என்றால் 35தான். கதிரைப் பாதிக்கும் கீழே இறக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டு ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்பது எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கோ ஈயக் கவசம் போடவில்லை என்று வருத்தம். முன்பெல்லாம் கனமான ஏப்ரனை மார்பில் போர்த்தி, கழுத்தில் காலர் கட்டுவார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024 பிப்ரவரியில், பல் எக்ஸ்ரேக்கு அந்த ஏப்ரனும் தைராய்டு காலரும் வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரையை மாற்றிக்கொண்டது. இன்றைய கருவிகளில் கதிர் தேவையான இடத்தைத் தாண்டிச் சிதறுவது மிகக் குறைவு. அது மட்டுமல்ல, கவசம் கதிரின் பாதையில் வந்து மறைத்தால் படம் கெட்டு, மறுபடி எடுக்க வேண்டிவரும்; ஓபிஜியில் காலர் கட்டினால் இது நடக்கும். ஆக, ஏப்ரன் போடாததை மட்டும் வைத்து ஒரு கிளினிக்கைக் குறை சொல்ல முடியாது. மனநிம்மதிக்கு வேண்டும் என்று கேட்டால் சின்னப் படங்களுக்குத் தருவார்கள், அம்மாவுக்கும் தந்தார்கள்.

அம்மாவின் இம்பிளான்டுக்கு சிபிசிடி எடுத்தார்கள். இது முப்பரிமாணப் படம். எலும்பு எவ்வளவு தடிமன், கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதைத் தெரியாமல் துளை போட்டால் உதடு மரத்துப்போகும் ஆபத்து உண்டு, அதனால் இங்கே காரணம் இருக்கிறது. ஆனால் சிபிசிடியின் அளவு பல பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து சில நூறு வரை போகும். முழுத் தலையையும் எடுக்கிறார்களா, அந்தப் பல் இருக்கும் பகுதியை மட்டுமா என்பதைப் பொறுத்தது அது. "அந்த இடம் மட்டும் போதுமா டாக்டர்?" என்று கேட்டேன். ஸ்கேன் சென்டருக்கு எழுதிய சீட்டிலேயே எந்தப் பகுதி என்பதைக் குறித்துக் கொடுத்தார். இந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும்.

அக்கா மகளை வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனோம், வீட்டுக்குப் பக்கம் என்பதால். பார்த்தவரை டாக்டர் அக்கறையானவர், குழந்தையிடம் பொறுமையாகப் பேசினார். ஆனால் சென்சார் உறுத்தி அவள் துப்பத் துப்ப, உதவியாளராக இருந்த பெண் தன் விரலாலேயே அதை வாய்க்குள் பிடித்துக்கொண்டார். கருவியும் கேமரா போலக் கையில் பிடிக்கும் வகை, திரும்பிச் சிதறும் கதிரைத் தடுக்க முனையில் இருக்க வேண்டிய வட்டத் தடுப்பு இல்லை. எனக்கு மனம் பதறியது குழந்தைக்காக அல்ல, அந்தப் பெண்ணுக்காக. குழந்தைக்கு அன்று ஒரு படம். அவருக்கோ நாள் முழுவதும், வருடம் முழுவதும்.

பல் எக்ஸ்ரேயின் வரலாறே இதைத்தான் சொல்கிறது. ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹோஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களை 25 நிமிடம் கதிரில் காட்டிப் படம் எடுத்தார். இன்று அது நொடியின் ஒரு பகுதி. அமெரிக்காவில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான எட்மண்ட் கெல்ஸ், கதிரைச் சரிசெய்யத் திரும்பத் திரும்பத் தன் கையையே அதில் நீட்டினார். புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928இல் இறந்தார். சென்சாரைப் பிடிக்க மலிவான பிளாஸ்டிக் ஹோல்டர் இருக்கிறது. குழந்தையைப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் கவசம் போட்டுக்கொண்டு பெற்றோர் பிடிக்கலாம், தினமும் வேலை செய்கிறவர் பிடிக்கக் கூடாது. கையில் பிடிக்கும் கருவிகளில் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதவை இணையத்தில் விற்கப்படுவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. டாக்டரிடம் தனியாக இதைச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். "இவ்வளவு நாளா யாரும் சொல்லலையே அண்ணா" என்றார்.

கர்ப்பமாக இருக்கும் அண்ணியும் பல்வலியைப் பொறுத்துக்கொண்டே இருந்தார். தேவையான பல் எக்ஸ்ரேயைக் கர்ப்ப காலத்திலும் எடுக்கலாம், கதிர் வயிற்றுப் பக்கம் போவதில்லை. பல்லில் சீழை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் கேடு. கர்ப்பம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். மானிட்டரை போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது போதாது. சின்னப் படங்களை மூலக் கோப்பாகவும், சிபிசிடியை அதைத் திறக்கும் மென்பொருளோடு பென்டிரைவிலும் கேளுங்கள். தேதியும் பல்லின் எண்ணும் அதில் இருக்கட்டும். நாள் போதாமல் எனக்குக் கிரௌன், அதாவது பல்லுக்கு மேல் உறை போடும் வேலை பாக்கி இருந்தது. இங்கே திரும்பி வந்ததும் என் பல் மருத்துவர் ஊரில் எடுத்த கடைசிப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் எடுக்காமலே அளவெடுக்கத் தொடங்கினார்.