கவிதை வகுப்புக்கு வீடியோவா, குரல் பதிவா?

ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர். மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர்களோடு இரண்டு பருவம் கவிதைப் பட்டறை நடத்தினேன். முதல் பருவம் நேரலை வீடியோ, அடுத்தது வாட்ஸ்அப் குரல் பதிவு. எது தேவலை என்று கேட்கிறவர்களிடம் இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு என்று நழுவ மாட்டேன். குரல் பதிவுதான்.

வீடியோவில் பிள்ளைகளின் முகம் தெரியும் என்பார்கள். ஒரே மடிக்கணினி, அதில் ஒரு கேமரா, எதிரே 28 பேர். எனக்குத் தெரிந்தது கடுகு கடுகாகத் தலைகள். முன்வரிசைப் பையன்கள் நாலு பேர் பேசினார்கள், மற்றவர்கள் அவர்கள் பேசுவதை வேடிக்கை பார்த்தார்கள். இணைய இணைப்போ அங்கிருந்த ஆசிரியரின் சொந்த போனிலிருந்து. ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு ஜிபி வரை போய்விடும், அவருடைய தினசரி பேக்கே ஒன்றரை ஜிபிதான். இலவசக் கணக்கென்றால் ஜூமில் 40 நிமிடம்தான். பிள்ளைகள் கூச்சம் தெளிவதற்கே அரை மணி ஆகிறது.

தாளத்தில் இன்னும் மோசம். கைதட்டி ஒரு தாலாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். பின்னணிச் சத்தத்தை வடிகட்டும் வசதி என் கைதட்டலையும் சத்தம் என்று எண்ணி விழுங்கிவிட்டது. அங்கே திரையில் ஒரு ஆள் சத்தமே வராமல் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அணைக்க ஒரு பொத்தான் இருப்பது மூன்றாவது வாரம்தான் கண்ணில் பட்டது. சேர்ந்து பாடலாம் என்றால் அவர்கள் குரல் எனக்கு அரை நொடி பிந்தி வரும். அவர்களுக்காக நான் வேகத்தைக் குறைக்க, என்னைப் பார்த்து அவர்களும் குறைக்க, தாலாட்டு ஒப்பாரியாக முடிந்தது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது வேறு. ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை யோசிக்கும். அந்த மௌனம் நேர் வகுப்பில் நல்ல அறிகுறி. இணையத்திலோ லைன் போய்விட்டதோ என்று பயம் வந்துவிடும். உடனே "கேக்குதா? கேக்குதா?" என்பேன். பாதியில் இருந்த யோசனை ஓடிப்போகும். அவசரத்தில் வரும் பதில் "நிலா அழகாக இருக்கிறது" என்ற பாடப்புத்தகத் தமிழ்.

இரண்டாம் பருவத்தில் திங்கள்கிழமை ஒரு நிமிடப் பதிவு ஒன்று அனுப்புவேன். ஒரு விடுகதை, ஒரு கேள்வி, அவ்வளவுதான். பதில் வியாழனுக்குள் வந்தால் போதும். மதிய இடைவேளையில் ஆசிரியரின் போனை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் புங்கமரத்தடிக்குப் போவார்கள். ஒரு நிமிடப் பதிவு ஒரு எம்பிகூட வராது. சிக்னல் இல்லையென்றாலும் போனில் காத்திருந்து கிடைத்ததும் வந்து சேரும்.

"வர்ற வழியில என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று ஒரு வாரம் கேட்டேன். வீடியோவில் ஒருமுறைகூட வாய் திறக்காத ஒரு சிறுமி அனுப்பியது: "பலாப்பழம் விழுந்துச்சு. மலை ஒரு தடவை இருமிச்சு."

ஆசிரியர் பிறகு சொன்னார், அவள் அதை நாலு முறை அழித்துப் பேசினாளாம். முதலில் "பெரிய சத்தம்" என்று இருந்ததாம். இதே பிள்ளைகளை நோட்டில் திருத்தி எழுதச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தன் குரலைத் தானே கேட்கும்போது பிடிக்காத சொல் காதில் உறுத்துகிறது, அழித்துவிட்டு மறுபடி சொல்கிறார்கள். நான் கற்றுத்தராமலே நடந்தது இது.

எழுத்துக்கும் வழி கிடைத்தது. பேசியதைத் திரும்பக் கேட்டு, மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடைத்து நோட்டில் எழுதச் சொன்னேன். எங்கே உடைப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் கிடையாது. (பிழைகளுக்குச் சிவப்பு மை வேண்டாம் என்று ஆசிரியரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது தனிக்கதை.)

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியருக்கு வேலை இரட்டிப்பு. 28 பதிவு, எது யாருடையது என்று குழப்பம், போனில் இடமும் நிறைந்துவிடும். அவருக்கு ஆர்வம் இல்லையென்றால் இந்த முறை ஒரு வாரம்கூடத் தாங்காது. வீடியோ அப்படி அல்ல, இணைப்பைக் கொடுத்துவிட்டால் அவர் ஒதுங்கி நிற்கலாம். காப்பியடிப்பதும் உண்டு. பலாப்பழப் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் பஸ் இருமியது, அடுப்பு இருமியது, தலைமை ஆசிரியர்கூட இருமினார்.

மூன்றாவதாக, முன்கூட்டியே எடுத்த காணொளியைப் போட்டுக்காட்டலாமே என்பவர்களுக்கு: 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கொரோனா காலத்தில் பாடம் நடத்தக் கைகொடுத்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் சரி. கவிதைப் பட்டறையில் பேச வேண்டியது பிள்ளைகள், காணொளிக்குக் காது கிடையாது.

வீடியோவை அடியோடு விடவும் இல்லை. முதல் வாரம் முகம் பார்க்கவும், கடைசி வாரம் எழுதியதை எல்லோர் முன்பும் வாசிக்கவும் அது வேண்டும். யாரென்றே தெரியாத குரலுக்கு எந்தப் பிள்ளையும் பேசாது. நடுவில் உள்ள எட்டு வாரமும் குரல்தான்.

போன மாதம் ஒரு பதிவு வந்தது. இருபது நொடிக்குப் பேச்சே இல்லை, தகரக் கூரையில் மழை மட்டும். கடைசியில் ஒரு பையன் குரல்: "சார், இத எப்படி சார் எழுதுறது?"