சிறந்த பேட்டர் இரண்டாவதா, நான்காவதா?

பேஸ்பாலின் பழைய வழக்கம் இது: வேகமாக ஓடுபவர் முதலில், பண்ட் ஆடி, அதாவது தான் அவுட்டானாலும் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, அவரை அடுத்த பேஸுக்கு (ஓடுபவர் நின்று செல்லும் இடம்) நகர்த்துபவர் இரண்டாவது, பலசாலி நான்காவது. மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அந்த நான்காமவர் ஒரே அடியில் அத்தனை பேரையும் கரை சேர்ப்பார் என்பது கணக்கு. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அன்றாடம் கிடைப்பதல்ல. மூன்று அவுட்டோடு ஓர் இன்னிங்ஸ் முடிந்துவிடும்; முதல் மூவரும் வரிசையாக அவுட்டானால், இரண்டாவது இன்னிங்ஸில் காலி பேஸ்களைப் பார்த்தபடிதான் அவர் தொடங்குவார்.

அவரையே இரண்டாம் இடத்தில் இறக்கினால் முதல் இன்னிங்ஸிலேயே ஆடிவிடுவார். வரிசையில் ஒரு படி ஏறினால், 162 ஆட்டங்கள் கொண்ட மேஜர் லீக் (வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் தொடர்) பருவத்தில் ஏறக்குறைய 18 பேட்டிங் வாய்ப்புகள் கூடும். இரண்டு படிக்கு 36. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பாக்கி, கடைசி அவுட்டும் விழுகிறது. அணியின் சிறந்த பேட்டரோ அடுத்த ஆளாக மட்டையைச் சுழற்றியபடி ஓரத்தில் நிற்கிறார். இதைப் பார்த்தவர்களுக்கு அந்த 36-இன் அருமை புரியும். நட்சத்திர பேட்டர்களான ஆரோன் ஜட்ஜும் மைக் ட்ரவுட்டும் பலமுறை இரண்டாவதாக ஆடியிருக்கிறார்கள்.

நான்காமவருக்கு பேஸில் ஆட்களோடு ஆடும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அந்த இடத்தை அடுத்த சிறந்த ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வர வைக்கும் அடி) அடிப்பவருக்குக் கொடுக்கலாம். பண்ட்? எதிரணிக்கு அவுட் தானம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.