மினி ஜெட் எஞ்சின் செய்கிறவர்கள் டர்பைன் வீல் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் மாடல் விமானங்களுக்கான மினி ஜெட் எஞ்சின் பாகங்கள் விற்கிறார். அவரிடம் ‘இன்கோனல் 713’ (கடும் சூடு தாங்கும் நிக்கல் கலவை) என்று நான் வாங்கிய டர்பைன் வீல், அதாவது சூடான வாயு தள்ளிச் சுற்றும் பிளேடுச் சக்கரம், இன்கோனலே இல்லை, சாதாரண 304 ஸ்டெயின்லெஸ். நிமிடத்துக்கு 85,000 சுற்றில் என் ஷெட்டுக்குள் அதன் பிளேடு பிய்ந்து பறந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். லேத், வெல்டிங் எல்லாம் கைப்பழக்கம். இரண்டு வருடமாக ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுப் பின்னால் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு கே.ஜே.66 செய்துகொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது கேம்ப்ஸ், ஹெசுஸ் ஆர்டெஸ் என்ற இருவரின் பெயரைத் தாங்கிய மினி ஜெட் எஞ்சின் டிசைன், 66 என்பது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரசர் வீலின் விட்டம், மில்லிமீட்டரில். அந்தக் கம்ப்ரசர் வீலை டர்போசார்ஜரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கேசிங், கம்பஷன் சேம்பர், அதற்குள் எரிபொருளை ஆவியாக்கும் வேப்பரைசர் குழாய்கள், ஷாஃப்ட் எல்லாம் நானே செய்தேன். செராமிக் குண்டு போட்ட பேரிங் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வீட்டில் செய்ய முடியாதது ஒன்றே ஒன்று, சூடான பக்கத்தில் சுற்றும் டர்பைன் வீல். அதுவும் 66 மி.மீ. தான்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 66 மி.மீ. வீல் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவை சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது, அதாவது ஒலியின் வேகம். ஒரு கிராம் எடையுள்ள பிளேடு 85,000 சுற்றில் 200 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும், அதுவும் 600, 700 டிகிரி சூட்டில் நின்றுகொண்டு. அந்தச் சூட்டில் ஸ்டெயின்லெஸ் தளர்ந்து மெல்ல நீள ஆரம்பித்துவிடும். நிக்கல் கலவையான இன்கோனல் தாங்கும், அதற்காகத்தான் அந்த விலை கொடுக்கிறோம்.

இறக்குமதி செய்தால் கஸ்டம்ஸோடு சேர்த்து எனக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டியது. இவர் வீலும், அதன் முன்னால் அசையாமல் நின்று வாயுவைத் திருப்பிவிடும் நாசில் கைட் வேனும் சேர்த்து 22,000 என்றார். பக்கத்து ஊர், கோயம்புத்தூரில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை, மெழுகு அச்சில் வார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் நம்பினேன். வீடியோ காலில் வீலைக் காட்டினார். ஒரு காந்தத்தை அதன் மேல் வைத்து, “பாருங்க சார், ஒட்டவே இல்ல. இன்கோனல்னா இப்படித்தான்” என்றார். வீலை பேலன்ஸ் செய்தே அனுப்புவதாகவும் மெட்டீரியல் சர்டிஃபிகேட் கூட வரும் என்றும் சொன்னார். 12,000 அட்வான்ஸ் அனுப்பினேன், பார்சல் கிளம்புகிறது என்றதும் மீதியையும் அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் என்று சொன்னது நான்கு மாதம் ஆனது. பில் கேட்டதற்கு வாட்ஸாப்பில் ஒரு எஸ்டிமேட் வந்தது, ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை. அப்போதே நின்றிருக்க வேண்டும்.

காந்தம் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அதுதான். இன்கோனலில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் 304 ஸ்டெயின்லெஸ்ஸிலும் பெரும்பாலும் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது இன்கோனல் இல்லை என்று தூக்கிப் போடலாம், அவ்வளவுதான். ஒட்டவில்லை என்பதால் ஒன்றுமே நிரூபணம் ஆகாது.

ஷாஃப்டில் மாட்டி, டர்பைனைச் சுற்றிக் கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அசெம்பிள் செய்தேன். கேஸில் பற்றவைத்து, ப்ளோயரால் சுற்றிவிட்டு, அப்புறம் ஐந்து சதவீதம் டர்பைன் ஆயில் கலந்த மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். முதல் இரண்டு ஓட்டம் 50,000 வரைக்கும்தான், நன்றாகவே ஓடியது. மூன்றாவது ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பனி இன்னும் விலகவில்லை. அக்கா பையன் “மாமா, நானும் பக்கத்துல நின்னு பாக்கறேன்” என்று அழுதான், திட்டி வீட்டுக்குள் அனுப்பினேன். எஞ்சினைச் சுற்றி மூன்று பக்கம் மணல் மூட்டை அடுக்கியிருந்தேன், நான் எட்டு மீட்டர் தள்ளிச் சுவருக்குப் பின்னால். 85,000-க்கு ஏற்றி அதே வேகத்தில் ஓடவிட்டேன். ஒரு நிமிடம் இருக்கும், விசில் மாதிரி இருந்த சத்தம் திடீரென்று கரகரத்தது, அப்புறம் வாளைச் சாணை பிடிக்கிற மாதிரி ஒரு கிறீச், ஒரு வெடிச் சத்தம், பின்னாலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ. நான் ஃப்யூயலை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிய்ந்த பிளேடு கேசிங்கைக் கிழித்துக்கொண்டு வந்து மணல் மூட்டைக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். நகம் அளவுதான். நுனி தேய்ந்து பளபளத்தது, அடிப்பக்கம் நீலமும் ஊதாவும் ஓடி, ஜவ்வு மிட்டாயை இழுத்துப் பிய்த்த மாதிரி நடுவில் ஒடுங்கியிருந்தது. மீதி பிளேடுகளை வெர்னியரில் வைத்தால் வீல் சில இடத்தில் 66.6 மி.மீ. காட்டியது. பிளேடுகள் நீண்டு, கேசிங்கில் உரசி, அப்புறம் ஒன்று அறுந்திருக்கிறது. பேரிங் இரண்டும் போச்சு, ஷாஃப்டும் வளைந்துவிட்டது.

விற்றவருக்குப் போன் செய்தேன். “கோத்தகிரில காத்து கம்மி சார், அதனால சூடு ஏறிருக்கும், எங்க தப்பு இல்ல” என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, தள்ளுவிசை குறையும், ஸ்டார்ட் பண்ணும்போது சூடும் கூடுதலாகத்தான் போகும். ஆனால் நான் வெளிவாயுவின் வெப்பநிலையை மீட்டரில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன், 690-ஐத் தாண்டவில்லை. இன்கோனல் 713-க்கு அது ஒரு சூடே இல்லை. இந்த டிசைனே 1,15,000 சுற்று வரை ஓடுவதற்காகச் செய்தது.

குன்னூரில் தேயிலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலருக்குப் பல் பிடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாக ஸ்டெயின்லெஸ்ஸோடு வாழ்கிறவர். வீலை அவரிடம் கொண்டுபோனேன். ஒன்றும் சொல்லாமல் ஓரத்தைச் சாணைக்கல்லில் லேசாக வைத்தார். நீளமாக மஞ்சள் பொறி வந்தது, நுனியில் அங்கங்கே பிரிந்தது. “தம்பி, இது நான் தினம் பாக்கற பொறி. ரோலரும் இதுவும் ஒரே ஜாதி” என்றார். நிக்கல் அதிகம் உள்ள உலோகத்தில் பொறி குட்டையாக, மங்கின சிவப்பாக வரும், இப்படிப் பிரியாது. இன்னொன்றும் அவர்தான் காட்டினார்: பேலன்ஸ் செய்த வீலில் எங்காவது சின்னதாகக் கிரைண்டர் கடித்த தடம் இருக்க வேண்டும், இதில் ஒரு கீறல்கூட இல்லை. பேலன்ஸ் என்று சொன்னதும் பொய்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு லேபில் பி.எம்.ஐ. டெஸ்ட் எடுத்தேன், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துச் சில நொடியில் சொல்லிவிடுகிறார்கள், வீலுக்கு ஒன்றும் ஆகாது, என்னிடம் 700 ரூபாய் வாங்கினார்கள். நிக்கல் 8 சதவீதம், குரோமியம் 18, மீதி பெரும்பாலும் இரும்பு. இன்கோனல் 713-இல் நிக்கல் எழுபதுக்கு மேல் இருக்கும், இரும்பு இரண்டரைக்குள். அவர் அனுப்பிய சர்டிஃபிகேட்டை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். அதில் இருந்த ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) வீலில் எங்கும் குத்தப்படவில்லை, பாகத்தின் பெயர் இருந்த இடத்தில் ‘வால்வ் சீட்’ என்று இருந்தது. வேறு எதற்கோ வாங்கிய சர்டிஃபிகேட்டின் ஜெராக்ஸ்.

ரிசல்ட்டை அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, வீடியோ, லேப் ரிப்போர்ட் எல்லாம் வைத்திருக்கிறேன். 22,000 திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஆறாதது ஒன்று இருக்கிறது. அந்த எஞ்சினை ஒரு விமானத்தில் மாட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் சுற்றி நிற்க ஓட்டிக் காட்டுவதாக ஹெட்மாஸ்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அது வீல் விற்றவருக்கும் தெரியும், வாங்கும்போதே சொன்னேன்.

நேற்று திருப்பூரிலிருந்து ஒருவர் பேசினார். அதே ஆளிடம் அதே செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாராம், அதே காந்தம் வீடியோவைப் பார்த்திருக்கிறார். பார்சல் வியாழக்கிழமை வருகிறது. ஷாஃப்டில் மாட்டிப் பார்க்காமல் நேரே லேபுக்கு எடுத்துப் போகச் சொல்லி, முகவரி அனுப்பியிருக்கிறேன். மீதிப் பணம் இன்னும் கொடுக்கவில்லையாம்.