ஸ்மாக் எந்த எம்ஆர்என்ஏவைப் பிடிக்கிறது: ரிப்பா, கிளிப்பா?

பழ ஈக் கருவில் ஸ்மாக் புரதம் நானோஸ் மரபணுவின் எம்ஆர்என்ஏவில் (புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) உள்ள கொண்டை ஊசி வளைவைப் பற்றி, மொழிபெயர்ப்பை, அதாவது அதிலிருந்து புரதம் உருவாவதை, முடக்குகிறது. முட்டையிட்டு 3 மணி நேரம் நெருங்கும்போது ஸ்மாக் மறைந்துவிடும். ரிப் முறையில் எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்து இழுத்து, அதோடு வரும் ஆர்என்ஏவைப் பார்க்கிறோம்; கிளிப்பில் அதற்கு முன்பே இரண்டையும் புற ஊதா ஒளியால் பிணைத்துவிடுகிறோம். எந்த முறையானாலும் 0–2 மணி நேரக் கருக்களையே எடுங்கள்.

உழைப்பு: ரிப் இரண்டு நாளில் முடியும். கிளிப்புக்கு வாரக்கணக்கு, சீக்வென்சிங் (ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது) செலவு தனி.

நம்பகம்: ரிப்பில் கருவை அரைத்ததும் புரதம் சம்பந்தமில்லாத ஆர்என்ஏவோடும் ஒட்டிக்கொள்ளும். கிளிப்பில் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி உயிருள்ள கருவிலேயே புரதத்தையும் ஆர்என்ஏவையும் பிணைத்துவிடுகிறது. பிறகு கடுமையாகக் கழுவலாம். பிணைவது என்னவோ கொஞ்சம்தான். அதனால் கருவின் மேலோட்டை ப்ளீச்சில் உரித்து, குளிர்ந்த தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் அடியில் உள்ளவற்றுக்கு ஒளி எட்டாது.

எந்த எம்ஆர்என்ஏ என்று மட்டும் தெரிய வேண்டுமா, ரிப் போதும். ஒப்பிட, ஸ்மாக் இல்லாத தாய் ஈ இட்ட கரு கட்டாயம். எம்ஆர்என்ஏவின் எந்த இடத்தில் பிடிக்கிறது என்றால் கிளிப்தான். மொழிபெயர்ப்பு நின்றதா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்குப் பாலிசோம்களை (பல ரைபோசோம்கள் ஏறிய எம்ஆர்என்ஏக்கள்) பிரித்துப் பார்க்க வேண்டும்.